பகல் டியூட்டிக்கு இரண்டு மொட்டை

எங்கள் இல்லறம் காலையில் ஒரு காப்பி, சாயங்காலம் ஒரு காப்பி என்ற அளவில் நடந்துகொண்டிருந்த காலம் அது. காலைக் காப்பி நான் போடுவது. என் மனைவி அதைக் குடித்துவிட்டுத் தூங்க இடம் தேடுவாள். சாயங்காலக் காப்பி அவள் போடுவது. நான் அதை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் அவள் வெள்ளைச் சேலை கட்டி, தலையை வாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருப்பாள். எண்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில், வார லீவு என்ற பழக்கமே இல்லாத ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

ராத்திரி டியூட்டியை அவளேதான் கேட்டு வாங்கினாள். குழந்தை நடக்க ஆரம்பித்த புதிதில் பகலில் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை.

"பகல்ல நான் பாத்துக்கிறேன். ராத்திரி அது பாட்டுக்குத் தூங்கப் போகுது. நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டாப் போதும்" என்றாள்.

பக்கத்தில் படுத்துக்கொள்வது. இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் தெனாவட்டாகத் தலையாட்டிவிட்டேன்.

முதல் வாரமே தெரிந்துவிட்டது. குழந்தை நிம்மதியாகத் தூங்கும். மூச்சு விடுகிறதா என்று எனக்குச் சந்தேகம் வரும். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். ஃபேன் காற்றா, மூச்சுக் காற்றா, விளங்காது. லேசாக அசைத்துப் பார்ப்பேன். அது விழித்துக்கொண்டு அழும். உயிரோடுதான் இருக்கிறது என்ற நிம்மதி ஒரு நொடி. அப்படியானால் எதற்கு அழுகிறது, வயிற்று வலியோ? இருமினால் கக்குவான் என்று நினைப்பேன், தும்மினால் நிமோனியா. உடம்பு சுட்டால் காய்ச்சல், சுடாவிட்டால் ஜன்னி. கடைசியில் துண்டில் சுற்றி, சைக்கிளின் முன்கம்பியில் மாட்டியிருந்த குட்டி சீட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துவிடுவேன்.

ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கு நான் வருவது பழகிப்போயிருந்தது.

"வாங்க சார். இன்னைக்கு என்ன, இருமலா, விக்கலா?"

"கொட்டாவி ஜாஸ்தியா விடுது."

"தூக்கம் வந்துருக்கும் சார்."

என் மனைவி வார்டிலிருந்து வெளியே வருவாள். குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைப்பாள். பிறகு என் நெற்றியில் வைப்பாள். "புள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஒங்களுக்குத்தான் கொதிக்குது. போய்ப் படுங்க" என்பாள். எங்கள் நடமாட்டத்தைப் பார்த்துப் பார்த்து, உள்ளே படுத்திருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்கள், தீராத வியாதிக்காரன் நான்தான் என்று முடிவுகட்டி, வாழைப்பழத்தில் பாதி எனக்குத் தந்த நாளும் உண்டு. வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆக, அவள் பகல் டியூட்டிக்கு வந்தாக வேண்டும் என்பதற்கு எனக்குக் காரணம் இருந்தது. ஆனால் என் காரணம் வெறும் பயம். அவள் காரணம் வேறு. ஒரு சாயங்காலம் கண்ணாடி முன்னால் கொண்டையில் பின் குத்திக்கொண்டே சொன்னாள்.

"ஊரான் புள்ளைக்கெல்லாம் ராத்திரி போத்தி விடுறேன். எம்புள்ள எப்பிடித் தூங்குதுன்னு எனக்குத் தெரியாது. ஒரு ராத்திரி, இவளக் கட்டிக்கிட்டுப் படுக்கணுங்க. அம்புட்டுத்தான்."

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அரிசி வாங்க வேண்டும் என்பதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குழந்தையோ, அம்மா என்பது காலையில் பால்காரரோடு சேர்ந்து வருகிற ஒன்று என்றே நினைத்திருந்தது. பால்காரர் வராத நாளில், அம்மா வருவாளா என்று என்னைக் கேட்கும்.

அவளுடைய ஆஸ்பத்திரி மேட்ரன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்க வைப்பார். அந்த வருஷம் கோடை தொடங்கியதும் என் மனைவியைக் கூப்பிட்டு, "புதுசா ஒரு பொண்ணு எடுத்திருக்கேன். சேவுகம்பட்டிக்காரி. கல்யாணம் ஆகல, ஹாஸ்டல்லதான் இருக்கா. மே மாசம் பூரா ஒன்கூட நின்னு பழகட்டும். ஜூன்ல நைட்டு அவளுக்கு, பகல் ஒனக்கு" என்றிருக்கிறார்.

இதை அவள் காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள். கெட்ட செய்தி வந்தால் ஒரு விதமாகப் பதறுவேன், நல்ல செய்தி வந்தால் இரண்டு விதமாகப் பதறுவேன். இது நழுவிவிட்டால்? அவள் பகல் டியூட்டிக்கு வந்தால் மொட்டை போடுகிறேன் என்று பழனி முருகனுக்கு ரகசியமாக ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், லீவு கிடைக்காது. தவிர, நம் பங்கை நாம் முதலிலேயே செய்துவிட்டால் மறுபக்கத்துக்கு ஒரு கூச்சம் இருக்குமல்லவா? லீவு முடிவதற்குள், மே மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, அவளும் குழந்தையும் தூங்கும் நேரம் பார்த்து பழனி பஸ் ஏறிவிட்டேன்.

"மீசையுமா சாமி?" என்று நாவிதர் கேட்டார்.

பக்தி உச்சத்தில் இருந்தது. "எல்லாத்தையும் எடுங்க" என்றேன்.

திரும்பி வந்த என்னைப் பார்த்து அவள் முதலில் யாரோ என்று முந்தானையைச் சரிசெய்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"வேலை முடியறதுக்கு முன்னாடியே கூலியக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே. இனிமே அவரு எதுக்கு அவசரப்படப் போறாரு?"

"முருகன் அப்பிடிப்பட்டவர் இல்லம்மா."

"நம்ம கொத்தனாரும் அப்பிடிப்பட்டவர் இல்லைன்னுதான் சொன்னீங்க."

பாதியில் நின்றுபோன எங்கள் குளியலறைச் சுவரை இருவரும் பார்த்தோம்.

அவள் சொன்னபடிதான் ஆயிற்று. மே மாதக் கடைசியில் சேவுகம்பட்டிப் பெண்ணுக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை திண்டுக்கல்லிலேயே ஒரு நூல் மில்லில் பகல் ஷிப்ட். ஆனி முகூர்த்தம். அவள் லீவு போட்டுவிட்டாள். "ஜூலைல வந்துருவா, அதுவரைக்கும் பொறுத்துக்க" என்று மேட்ரன் என் மனைவியிடம் சொன்னார். வேறு யாரையும் ராத்திரிக்குப் போட முடியாது. மற்றவர்கள் எல்லோரும் என் மனைவிக்கு மூத்தவர்கள்.

பள்ளிக்கூடம் திறந்தது. மீசையும் இல்லாத மொட்டை என்றால் நம் ஊரில் முதலில் என்ன நினைப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. தலைமை ஆசிரியர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அப்பாவா, அம்மாவா?" என்றார். என் அப்பாவும் அம்மாவும் ஊரில் சௌக்கியமாக இருந்தார்கள். இது பழனி மொட்டைதான் என்று காட்டுவதற்காகத் தினமும் காலையில் சந்தனம் குழைத்துத் தலையில் பூசிக்கொண்டு போனேன். வகுப்பில் பானை வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக பி.டி. மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"யோவ் டிராயிங்கு! பானை வரையணும்னா பானையக் கொண்டாந்து வைய்யா. நீயே ஏன்யா வந்து நிக்கிற?"

பையன்கள் சிரித்து அடங்கும்வரை நான் கரும்பலகையைப் பார்த்து நின்றேன். கரும்பலகையிலும் பானைதான் இருந்தது.

ஜூலை வந்தது. சேவுகம்பட்டிப் பெண் வரவில்லை. ஆடி பிறந்துவிட்டது, புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள், இனி ஆவணியில்தான் என்றார்கள். என் தலையில் அப்போது முடி பிரஷ்ஷைப்போல் வளர்ந்து நின்றது. நான் உட்கார்ந்து யோசித்தேன். தப்பு எங்கே? பெண்களின் டியூட்டி விஷயம்; அதை முருகனிடம் கொண்டுபோனது பிசகு. இது அம்மன் கவனிக்க வேண்டியது. அதிலும் ஆடி மாதம் அவளுடைய மாதம். ஆடி முதல் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில், முளைத்திருந்த மீசையையும் சேர்த்து, இரண்டாவது மொட்டை போட்டுக்கொண்டேன்.

"முளைக்க விடுங்க. சாமிக்கே அலுத்துப்போகும்" என்றாள் என் மனைவி. அந்த வாரம் அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பகலில் குழந்தை தூங்குவதை நிறுத்தியிருந்தது; அதனால் அவளும் தூங்குவதில்லை. சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே கண்ணயர்ந்து, குழந்தையின் காதில் ஒரு உருண்டையை வைத்தாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒரு சாயங்காலம் அவள் கிளம்பும்போது கேட்டேன்.

"அந்தப் பொண்ண ஆடிக்கு எதுக்குப் பிரிச்சு வைக்கிறாங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. ஆடியில சேந்தா சித்திரையில புள்ள பொறக்கும். அக்கினி வெயிலு, தாயும் புள்ளையும் தாங்காதும்பாங்க."

"அவ நைட் டியூட்டிக்கு வந்துட்டா? மாப்பிள்ளை பகல் ஷிப்ட்டாச்சே. அவங்க எப்பச் சேருவாங்க?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது வாஸ்தவம். நம்ம வீட்டுல பன்னெண்டு மாசமும் ஆடிதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவள் சொன்னது கிண்டல். என் காதில் அது திட்டமாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். செம்பட்டியில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். வழி நெடுக, பேச வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் மந்திரம் ஜபிக்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ஆடிக்காற்று ஜன்னல் வழியாகப் புகுந்து தலைச் சந்தனத்தைப் பொடிப்பொடியாகப் பெயர்த்து அவர் கண்ணில் போட்டது. இன்னும் தள்ளி உட்கார்ந்தார்.

சேவுகம்பட்டியில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. களத்தில் பெண்ணின் அப்பா கத்தரிக்காயைத் தரம் பிரித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். காற்றில் சந்தனம் முழுக்கப் பறந்துபோய், மீசையில்லாத வெறும் மொட்டையாக நான் போய் நின்றேன். அந்த அம்மாவின் கையிலிருந்து சொம்பு விழுந்தது.

"ஏங்க! இங்கிட்டு வாங்க! மாப்ள வீட்டுலருந்து சேதி வந்துருக்கு! யாருக்கு என்னாச்சோ தெரியலயே!"

அந்த அம்மா பதறியதும் நான் பதறினேன். "நல்ல சேதிதான்! நல்ல சேதிதான்!" என்று கையை ஆட்டினேன். பதற்றத்தில் என் குரல் அழுவதுபோல் வந்தது. அவர் மார்பில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாகப் பெண் உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"யம்மா, சும்மா இரு. இவரு எங்க சிஸ்டர் வீட்டுக்காரரு. புள்ள கொட்டாவி விட்டா ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாருவாருன்னு சொன்னேன்ல, அவருதான்."

என் புகழ் எனக்கு முன்னால் பஸ் பிடித்துப் போயிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாப்பிடாமல் பேசக்கூடாது என்று இலை போட்டுவிட்டார்கள். "வெஞ்சனம் போதுமா சார், இன்னும் செத்த வைக்கவா?" என்று அந்த அம்மா கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். கத்தரிக்காயில் மட்டும் இரண்டு வகை இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு மெல்ல ஆரம்பித்தேன்.

"ஆடி கழியட்டும் சார், அனுப்பி வைக்கிறோம்" என்றார் அப்பா.

"ஐயா, ஆடி எதுக்கு? ரெண்டு பேரும் சேந்துறக் கூடாதுன்னுதானே? அதுக்கு நைட் டியூட்டி மாதிரி பாதுகாப்பு வேற எதுவும் கெடையாது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. வாயால் விளங்காததைப் படத்தால் விளக்குவது என் தொழில். களத்துமண்ணில் ஒரு குச்சியை எடுத்துக் கோடு கிழித்தேன். ஒரு பக்கம் சூரியன், கதிர்களோடு. அதன் கீழே மாப்பிள்ளை, கையில் டிபன்காரியர். மறுபக்கம் பிறை, சுற்றிலும் நட்சத்திரம். அதன் கீழே பெண், தலையில் நர்ஸ் குல்லா. மாப்பிள்ளையின் மீசை நன்றாக வந்திருந்தது.

"இவரு வீட்டுக்கு வரும்போது இவ கெளம்புவா. இவ வரும்போது இவரு கெளம்புவாரு. வாசப்படியில பாத்துக்கிறதோட சரி. ஒங்க வீட்டுல கொண்டாந்து வச்சாக்கூட மாப்ள மதில் ஏறிக் குதிக்கலாம். நைட் டியூட்டின்னா மேட்ரனைத் தாண்டணும்."

அப்பா படத்தைச் சுற்றிவந்து பார்த்தார். "சரியாத்தான் சொல்றாரு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும்.

அம்மா மட்டும் முகவாயில் கைவைத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், அப்ப ஆவணியில?"

"ஆவணியிலயும் இப்பிடித்தாம்மா, கவலையே..." என்று சொல்லி நிறுத்தினேன்.

"பொரட்டாசியில?"

நான் பிறையின் பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் போட்டேன்.

"ஐப்பசியில?"

"தீபாவளிக்கு ஒரு நாள் லீவு குடுப்பாங்க."

"ஒரு நாளா!" என்றார். பிறகு என்னைப் பரிவோடு பார்த்து, "ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க சார்?" என்றார்.

"ஒண்ணு."

"வீட்டம்மா எம்புட்டு நாளா நைட்டு?"

"அது பொறந்து நடக்க ஆரம்பிச்சதுலருந்து."

"அதான்" என்றார்.

பெண் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எழுந்து சூரியனையும் பிறையையும் காலால் அழித்தார். "நல்ல வேளை சார், வந்து சொன்னீக. எங்களுக்கு இதெல்லாம் ஓடவே இல்ல. ஆடியோ ஆவணியோ, எங்க புள்ள நைட்டு வேலைக்கு வராது."

"நான் வேலைய விடமாட்டேன்" என்றது கதவு.

"ஒன்ன யாருடி விடச் சொன்னது? பகல்ல போ" என்றார் அம்மா.

பகல்! என் மனைவிக்காக ஒதுக்கி வைத்திருந்த அதே பகல்! அதை நானே பஸ் ஏறி வந்து, படம் வரைந்து, இவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். நைட்டு டியூட்டி அவ்வளவு மோசமில்லை என்றேன், சில புருஷன்மார்கள் டியூட்டிக்கே தேடிப்போய்ப் பார்ப்பார்கள் என்றேன். "ஒங்க மாதிரி கொட்டாவிக்கா?" என்றாள் பெண். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அவர்களுக்கு என் மேல் ஒரு கோபமும் இல்லை. நன்றியாக ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

"நண்பர் கத்தரிக்காய் வியாபாரமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"வத்தலக்குண்டுப் பக்கத்துக் காய் நல்லா இருக்கும்னு சொன்னாங்க" என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது பெருமையடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும், அவள் கேட்டைத் திறக்கும் சத்தத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்க முயன்றேன். ஒருநாள் கேட் பலமாகச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் காப்பியில் உப்பைப் போட்டேன். அன்று காற்றுதான் சாத்தியிருந்தது.

ஆவணி பிறந்த முதல் வாரத்தில் அவள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். வந்தவள் தூங்கப் போகவில்லை. காப்பியை வாங்கிக்கொண்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்குக் காலையில சேவுகம்பட்டிக்காரங்க வந்திருந்தாங்க."

ஏற்கெனவே ஆற்றிய காப்பியை நான் மறுபடி ஆற்ற ஆரம்பித்தேன். அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். டியூட்டி மாறுகிற நேரம். நர்ஸுகள் எல்லோரும் மேட்ரன் அறை வாசலில் நின்றிருக்கிறார்கள். பெண்ணின் அம்மா நேராக உள்ளே போய், தன் பெண்ணுக்குப் பகல் வேலைதான் தர வேண்டும் என்றிருக்கிறார்.

"எங்களுக்கு என்னத்தா தெரியும். ஒரு மொட்டைத் தலைக்காரரு வந்து, படம் போட்டுல்ல வெளக்குனாரு."

"எந்த மொட்டை?" என்று மேட்ரன் கேட்டிருக்கிறார்.

"எங்க வீட்டு மொட்டைம்மா" என்று என் மனைவியே சொல்லியிருக்கிறாள். திண்டுக்கல் வட்டாரத்தில் படம் போடுகிற மொட்டை வேறு யார் இருக்கிறார்கள்?

மேட்ரன் அவள் பக்கம் திரும்பினாராம். "ஒன் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்துல வேலையே கெடையாதா? எதுக்கு இந்தப் பாடு படுறாரு?" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"உள்ளதச் சொன்னேன். எம்புள்ளைய ஒரு ராத்திரி கட்டிப் பிடிச்சுப் படுக்கணும்னு எனக்கு ஆசை, அதுக்குத்தான் அவரு தலைய மழிச்சுக்கிட்டு அலையறாருன்னு சொன்னேன்."

அதைக் கேட்டதும் சேவுகம்பட்டி அம்மா தன் பெண்ணை மறந்துவிட்டாராம். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்ரன் பக்கம் திரும்பி, "ஏத்தா, இந்தத் தாயி இம்புட்டு நாளா இப்பிடியேவா கெடக்கு? ஒரே ஆளு தலையில கட்டுனா எப்பிடி? எங்க ஊருல தண்ணி பாச்சுறதுக்கே ஆளுக்கு ஒரு மொறை வச்சிருக்கோம்" என்று சத்தம் போட்டிருக்கிறார். அந்த அறையில் மேட்ரனைப் பார்த்து யாரும் சத்தம் போட்டு அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மேட்ரன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாராம். திரும்பி வந்து, இனிமேல் யாருக்கும் நிரந்தர நைட் கிடையாது, வாரத்துக்கு ஒருவராக எல்லோரும் முறை போட்டுக்கொள்ள வேண்டும் என்றாராம். மூத்த நர்ஸுகள் முணுமுணுத்திருக்கிறார்கள்.

"மொத வாரம் நான் நிக்கிறேன்" என்றாராம் மேட்ரன். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

"எல்லா வாரமும் பகல்னு சொல்ல முடியாது. என் மொறை வந்தா நானும் நைட்டு போவணும். ஆனா வர்ற திங்கக்கெழமையிலருந்து எனக்குப் பகல்" என்று முடித்தாள் என் மனைவி.

"கோவமா?" என்றேன்.

அவள் எழுந்து, போகிற போக்கில் என் தலையைத் தடவினாள். முடி அரைகுறையாக முளைத்துக் குத்தியிருக்கும். "கோவிச்சுக்கிட்டா மூணாவதா ஒண்ணு போட்டுட்டு வந்து நிப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக்கொண்டார்; இப்போது அது சொன்னதைக் கேட்கிற வயது, பகலில் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே முன்வந்திருந்தார். சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்து கூட்டிவந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் என் மனைவி வீட்டுக்கு வந்தாள். காப்பி குடித்தாள். வெளியே போகாமல் இருந்தாள். அது எனக்கு விசித்திரமாக இருந்தது. அவளுக்கு இன்னும் விசித்திரம். வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருட்டும் நேரத்தில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"யாருங்க அது, லுங்கி கட்டிக்கிட்டு ரேடியோவத் தூக்கிட்டுப் போறது?"

"எதிர்வீட்டுக்காரர்."

"அவங்க வீட்டுல ஆம்பளை இருக்காரா?" என்றாள் ஆச்சரியமாக.

இரண்டு வருஷமாக அவளிடம் பேசுவதற்கென்று நான் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாக ஆரம்பிக்கலாம் என்று பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். பாயில் குழந்தை அவளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ போகல?"

"போகல."

"ஏன்?"

"சும்மாதான்."

அந்தப் பதில் அதற்குப் போதுமானதாக இருந்தது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உடனே தூங்கிவிட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்புறம், இந்த பி.டி. மாஸ்டர் இருக்காரே..." என்று ஆரம்பித்தேன். அவளும் தூங்கிவிட்டிருந்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். யார் மூச்சையும் சோதிக்காமல் நானும் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை முனிசிபல் குழாயில் தண்ணீர் வந்தது. எப்போதும் நான்தான் குடத்தோடு வரிசையில் நிற்பேன். அன்று அவளும் வந்தாள். தலை கலைந்து, கண் சிவந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சிஸ்டர், ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா.

"எங்க தூங்க விட்டா? படுத்தா ஒரு எடத்துல கெடக்க மாட்டேங்குறா. கடியாரமுள்ளு கணக்கா சுத்துறா. தலை இருந்த எடத்துல காலு. விலாவுல ஒதை, மூக்குல ஒதை. இங்க பாருங்கக்கா, கன்னிப்போயிருக்கு" என்று முழங்கையை நீட்டிக் காட்டினாள்.

அக்கா பார்த்து "அய்யய்யோ" என்றார். அதற்குப் பின்னால் நின்றவரிடமும் காட்டினாள். குழாயடிக்குப் புதிதாக யார் குடம் கொண்டுவந்தாலும் முதலிலிருந்து சொன்னாள். ஒவ்வொரு முறையும் உதை ஒன்றிரண்டு கூடிக்கொண்டே போனது.

"அப்ப பேசாம நைட்டுக்கே திரும்பிப் போயிருங்க சிஸ்டர்" என்றார் ஒருவர்.

"ஆசை, தோசை" என்றாள் என் மனைவி. தன் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருப்பதைக்கூடக் கவனிக்காமல், அடுத்து வந்த எதிர்வீட்டு அம்மாவிடம் முழங்கையை நீட்டினாள்.